பெல்ட் போட்டாச்சு, கயிறு எங்கே கட்டியிருக்கு?



சேமிப்பு, உள்கடன், பதிவேடு எழுதும் முறை, வங்கிக் கடன் என்று இந்தப் பகுதியில் பல பாடங்களைப் பார்த்துவிட்டோம். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி ஒரு பாடம். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் விழாமல் இருப்பது எப்படி, தவறி விழுந்தாலும் தரையில் மோதாமல் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதுதான் அது.

"இதெல்லாம் மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டியது, எங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். உங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். எத்தனை பேர் சித்தாள் வேலைக்குப் போகிறோம்? எத்தனை பேர் வீட்டில் கணவரோ மகனோ தம்பியோ சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயிண்ட் வேலை, சென்ட்ரிங் வேலை, கம்பி கட்டுகிற வேலை, ஷீட் போடுகிற வேலை என்று போயிருக்கிறார்கள்? மாசி, பங்குனியில் புளி உலுக்க மரம் ஏறுகிறவர்கள், பனையும் தென்னையும் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு ஆள் சாரத்திலிருந்து விழுந்தால் அந்த வீட்டுக் கூலி நிற்பதோடு போவதில்லை. பிள்ளையின் படிப்பு நிற்கிறது, குழுவில் வாங்கிய கடனின் தவணை நிற்கிறது. தவணை கட்டாதவர் பட்டியலில் அந்த அக்காவின் பெயரை வாசிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்த குழுக்கள் நம்மிடம் உண்டு. அதனால் இது நம் பாடம்தான்.

பத்தடிதானே என்று நினைக்காதீர்கள்

"அடுக்கு மாடியா என்ன, ஒரு தளம்தானே, விழுந்தா காலு சுளுக்கும்" என்று பேசுவார்கள். பத்தடி உயரத்திலிருந்து விழ முழுதாக ஒரு விநாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். ஓடுகிற டி.வி.எஸ். வண்டியிலிருந்து தலைக்குப்புற விழுவதற்குச் சமம். இருபதடி என்றால் 39 கிலோமீட்டர். கையை நீட்டி எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பது பேச்சுக்குச் சரி. ஒரு விநாடிக்குள் மூளை சொல்லி, கை நீண்டு, பிடித்து, நம் எடையையும் தாங்க வேண்டுமே! அமெரிக்காவில் கட்டட வேலையில் ஆறடி உயரம் வந்தாலே தடுப்போ வலையோ பெல்ட்டோ இருந்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆறடி என்பது நம் வீட்டு நிலைவாசல் உயரத்தைவிடக் குறைவு.

விழுவது ஓரத்திலிருந்து மட்டுமல்ல. தளத்தில் மாடிப்படிக்கும் லிப்டுக்கும் குழாய்க்கும் விட்ட ஓட்டைகள் இருக்கின்றன. தலையில் கலவைச் சட்டியோடு நடக்கிற சித்தாளுக்குக் கீழே குனிந்து பார்க்க முடியாது. எதிரே பார்த்துத்தான் நடக்க வேண்டும். அந்த ஓட்டையைச் சும்மா ஒரு சாக்கையோ தகட்டையோ போட்டு மூடுவது திறந்து வைப்பதைவிட மோசம். பலகையால் மூடி, நகராமல் ஆணி அடித்து, மேலே பெயிண்டில் பெருக்கல் குறி போட வேண்டும்.

முதலில் தடுப்பு, கடைசியில்தான் பெல்ட்

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் பெல்ட்டைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் பெல்ட் கடைசி வழி. கீழேயே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் கீழேயே செய்யலாம். அது முடியாதபோது ஓரத்தில் இடுப்புக்கு மேலே, மூன்று மூன்றரை அடி உயரத்தில் ஒரு கட்டையும், நடுவில் ஒரு கட்டையும், செங்கல் கீழே விழாமல் காலடியில் ஒரு பலகையும் கட்டினால் போதும், அங்கே வேலை செய்கிற பத்துப் பேருக்கும் அது பாதுகாப்பு. யாரும் எதையும் மாட்ட மறந்துபோக முடியாது. பெல்ட் போட்டவருக்கு மட்டும்தான் பெல்ட், அதுவும் மாட்டியிருக்கும்போது மட்டும்தான்.

சாரமும் அப்படித்தான். ஒற்றைப் பலகையில் நின்று பூச்சு வேலை பார்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். இரண்டு மூன்று பலகைகளை நெருக்கிப் போட்டு இரண்டு முனையையும் கட்ட வேண்டும். பலகையின் முனை தாங்கு கட்டையைத் தாண்டி அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த முனையில் கால் வைத்த உடனே ஏற்றம் மாதிரி மறுமுனை தூக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்ய முடியாத இடத்தில்தான் பெல்ட். பெல்ட் என்று வந்துவிட்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "போட்டிருக்கியா?" என்பதல்ல, "எங்கே கட்டியிருக்கே?" என்பதுதான்.

தூளி கட்டத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல

நம் ஊரில் குழந்தைக்குத் தூளி கட்டுகிறோம். சில ஊரில் ஏணை என்பார்கள். எங்கே கட்டுகிறோம்? உத்தரத்தில், நல்ல இரும்புக் கொக்கியில், வயற்காட்டில் என்றால் வேம்பிலோ புளியமரத்திலோ பருத்த கிளையாகப் பார்த்து. கட்டியதும் குழந்தையைப் போட்டுவிடுவோமா? இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்த பிறகுதான் போடுவோம். முருங்கைக் கிளையில் யாராவது தூளி கட்டுவார்களா? ஆறு கிலோ குழந்தைக்கு இவ்வளவு யோசிக்கிற நாம், அறுபது கிலோ மனுஷன் பெல்ட் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினால் "பாதுகாப்பா இருக்கார்" என்று விட்டுவிடுகிறோம்.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. தூளிக்கு வருவது ஆடுகிற எடைதான். பெல்ட் கயிற்றுக்கு வருவது விழுகிற எடை. கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குவதையும், கயிற்று நுனியை உருளைக் கட்டையில் கட்டிவிட்டு நிறைவாளியைச் சட்டென்று கைவிடுவதையும் நினைத்துப் பாருங்கள். அதே வாளி, அதே தண்ணீர், ஆனால் கைவிட்டால் கயிறு அறுகிறது, அல்லது வாளியின் கைப்பிடி பிய்ந்துகொண்டு போகிறது. திடீர் இழுப்புக்கு அவ்வளவு பலம்.

எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது பெரிதல்ல. விழுந்த தூரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுக்க வேண்டும். அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆளின் எடையால் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆள் ஆறடி விழுந்து, நீளாத கயிறு அரை அடிக்குள் அவரை நிறுத்துகிறது என்று வையுங்கள். ஆறை அரையால் வகுத்தால் 12. ஒன்று கூட்டினால் 13. அறுபதால் பெருக்கினால் 780. அதாவது 780 கிலோ இழுப்பு. இது சராசரிதான், ஒரு நொடியில் இதைவிட அதிகமாகவும் போகும். அந்த இழுப்பு கயிற்றுக்கு மட்டுமல்ல, கட்டிய இடத்துக்கும் வரும், அந்த மனிதரின் உடம்புக்கும் வரும்.

அதே ஆளை மூன்றடி நீளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தினால்? ஆறை மூன்றால் வகுத்தால் 2, ஒன்று கூட்டி 3, அறுபதால் பெருக்கினால் 180 கிலோ. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். நல்ல பெல்ட்டின் கயிற்றில் சின்னப் பொட்டலம் மாதிரி ஒன்று தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஷாக் அப்சார்பர் என்பார்கள். உள்ளே ஒரு பட்டையை மடித்து மடித்துத் தைத்திருக்கும். இழுப்பு வந்ததும் தையல் தையலாகப் பிரிந்து நீண்டு அடியைக் குறைக்கும். ஐரோப்பியத் தரப்படி உடம்புக்கு வருகிற இழுப்பு 600 கிலோ அளவைத் தாண்டக் கூடாது. "இது எதுக்குக் குறுக்கே தொங்குது" என்று அதை வெட்டிப் போட்டுவிட்டு நேர்க்கயிறு கட்டிக்கொண்டவர்களை எங்கள் களப்பயணத்தில் பார்த்திருக்கிறோம். அந்தப் பொட்டலத்தில்தான் முதுகெலும்பு இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னோம்.

எங்கே கட்டலாம், எங்கே கூடாது

அமெரிக்க விதி, பெல்ட் கட்டுகிற இடம் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 2,270 கிலோ. இரண்டு அம்பாசடர் காரைச் சேர்த்துத் தொங்கவிட்டால் தாங்குகிற இடம். ஐரோப்பியத் தரம் இதைவிடக் குறைவு, 1,200 கிலோ அளவு. எதை எடுத்துக்கொண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "இந்த இடத்தில் ஒரு காரைத் தொங்கவிடலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். ஜன்னல் கிரில்லில் கார் தொங்குமா? பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில்? நேற்றுக் கட்டி இன்னும் ஈரம் காயாத கைப்பிடிச் சுவரில்? கேபிள் ஒயர், செங்கல் சுவரில் அடித்த ஆணி, காலியாக இருக்கிற சின்டெக்ஸ் தொட்டி, ஷீட்டைப் பிடித்திருக்கிற போல்ட், சாய்த்து வைத்த ஏணி, எதிலும் தொங்காது. முக்கியமாக, தான் நிற்கிற சாரத்தின் குறுக்குக் கட்டையிலேயே கொக்கியை மாட்டிக்கொள்வது நம் பக்கத்தில் அதிகம். சவுக்குக் கட்டையும் கயிறும் சேர்ந்த அந்தச் சாரம் சரிந்தால், பெல்ட் அவரையும் சாரத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெல்ட் இல்லாமலிருந்தால் குதித்தாவது தப்பியிருப்பார்.

சரி, எங்கேதான் கட்டுவது? முழுதாக இறுகிய கான்கிரீட் தூணைச் சுற்றி. பீமைச் சுற்றி. மாடிப்படிக் கூடத்தின் தூணில். கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில். கம்பெனி வேலையிடம் என்றால் அங்கே உள்ள இன்ஜினியர் குறித்துக் காட்டிய இடத்தில், அல்லது அதற்கென்றே இழுத்துக் கட்டிய இரும்புக் கயிற்றில். சாதாரண வீட்டு வேலையில் பெரும்பாலும் தூண் ஒன்று கிடைக்கும். வீட்டின் ஒரு பக்கம் வேலை என்றால் மறுபக்கத் தூணிலிருந்துகூட கயிற்றைக் கொண்டு வரலாம். அப்படிக் கொண்டு வரும்போது தளத்தின் விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் கனமான கோணிச் சாக்கை மடித்து வையுங்கள். கான்கிரீட் விளிம்பும் தகட்டு ஓரமும் கத்தி மாதிரி. இழுப்பில் இருக்கிற கயிறு அதில் அறுபடுவதற்கு நேரம் ஆகாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. முடிச்சைவிட, தைத்த பட்டையும் கொக்கியும் நல்லது. ஒரு கட்டுமிடத்துக்கு ஓர் ஆள். "கூட நானும் மாட்டிக்கிறேன்" என்று இரண்டாவது ஆள் வரக் கூடாது.

கட்டும் இடம் நமக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பத்தடி பக்கத்தில் தள்ளிக் கட்டியிருந்தால் விழும்போது ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய்ச் சுவரிலோ தூணிலோ மோதுவோம். தரையில் விழுந்த அடிக்கும் அந்த அடிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பத்தடித் தளத்தில் காலடியில் கட்டினால்

இதை மட்டும் குழுக் கூட்டத்தில் ஒரு கயிற்றை வைத்துச் செய்து பாருங்கள், அஞ்சு நிமிஷம் போதும். பெல்ட் கயிறு சாதாரணமாக ஆறடி. கயிறு மாட்டுகிற வளையம் முதுகில், தோள்பட்டைக்கு நடுவில் இருக்கும். காலிலிருந்து அந்த வளையம் வரை ஏறக்குறைய ஐந்தடி. இப்போது ஒருவர் பத்தடித் தளத்தின் ஓரத்தில் நிற்கிறார், கொக்கியைத் தன் காலடியில் மாட்டியிருக்கிறார். விழுந்தால் கயிறு முழுசாக இறுகும்போது வளையம் காலடி மட்டத்துக்கு ஆறடி கீழே இருக்கும், அவர் பாதம் அதற்கும் ஐந்தடி கீழே. ஆறும் ஐந்தும் பதினொன்று. தளமோ பத்தடி. கயிறு இறுகுவதற்கு முன்பே தரை வந்துவிடுகிறது! பெல்ட் போட்டிருந்தார், கொக்கி மாட்டியிருந்தார், கட்டிய இடமும் பலமான இடம், ஆனாலும் தரையில் அடி.

இதற்கு மேல் அந்த ஷாக் அப்சார்பர் பிரிந்து நீள்வதற்கு மூன்று முதல் ஐந்தரை அடி வேண்டும். ஆக, காலடியில் கட்டினால் கீழே பதினெட்டு இருபது அடிக்கு எதுவும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். தலைக்கு மேலே கட்டி, கயிற்றைத் தொங்கவிடாமல் குட்டையாக வைத்தால் விழுகிற தூரமே ஓரிரு அடிதான். அதனால்தான் எங்கே பயிற்சி நடந்தாலும் "தலைக்கு மேலே, தலைக்கு மேலே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தலைக்கு மேலே இடமே இல்லாத மொட்டை மாடி ஓரத்தில் வேறு வழி உண்டு. ஓரம் வரைக்கும் போகவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாகப் பின்னால் ஒரு தூணில் கட்டிவிடலாம். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டினால் பக்கத்து வயலில் வாய் வைக்காது அல்லவா, அதேதான். ஒரு தளம், இரண்டு தளம் உள்ள நம் ஊர் வீடுகளுக்கு இந்த முறைதான் அதிகம் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

ஏறும்போதும் இடம் மாறும்போதும் கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். அதற்காகத்தான் இரண்டு கயிறு, இரண்டு கொக்கி உள்ள பெல்ட் வருகிறது. ஒன்று மாட்டியிருக்கும்போதே அடுத்ததை மேலே மாட்டி, பிறகு முதலாவதைக் கழற்ற வேண்டும். குரங்குகூட அடுத்த கிளையைப் பிடித்த பிறகுதான் இந்தக் கிளையை விடும்.

இடுப்புப் பெல்ட்டும் சேலையும்

கடைகளில் இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் விலை குறைவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். விழும்போது முழு இழுப்பும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் வரும், அல்லது ஆள் தலைகீழாகத் திரும்பி பெல்ட்டிலிருந்து நழுவிவிடுவார். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் விழுபவரைப் பிடித்து நிறுத்துவதற்கு இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு உடல் பெல்ட். நம் நாட்டில் அதற்கான தர எண் ஐ.எஸ். 3521. தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் தயாரித்த ஆண்டும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடையைச் சுற்றிப் பட்டை என்றதும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி வரும். சேலைக்கு மேலே இது எப்படி உட்காரும்? உட்காராது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சித்தாள் அக்காமார் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். மேலே பத்து மாடி ஏறினாலும் அதே உடைதான். தொடைப் பட்டையைக் கட்டாமல் தோளில் மட்டும் பெல்ட்டை மாட்டிக்கொண்டால் விழும்போது உடம்பு கீழே நழுவ, பெல்ட் கழுத்தை நோக்கி ஏறும். அது பெல்ட் போடாததைவிடப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. சுடிதாரோ பேண்ட்டோ போட்டால்தான் இந்தப் பெல்ட் சரியாக உட்காரும். "இந்த வயசுல பேண்ட் போட்டா ஊர் சிரிக்காதா?" என்று ஒரு அக்கா எங்களிடம் கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா, "ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்டி, காலு ஒடிஞ்சு கிடந்தா ஊரா வந்து சோறு ஊட்டும்?" என்றார். வேலையிடத்தில் போட்டுக்கொண்டு, மாலையில் மாற்றிக்கொண்டு வரலாமே.

அதற்காக "பெண்களை மேலே ஏத்த வேண்டாம்" என்று சொல்கிற மேஸ்திரியை நல்லவர் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. மேலே ஏறாவிட்டால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். சுமை தூக்குகிற நமக்குப் பெல்ட்டைவிட ஓரத் தடுப்பும் அகலமான பலகையும்தான் அதிகம் உதவும். தலையில் சட்டியோடு நடந்துகொண்டே கொக்கி மாட்டிக் கழற்ற முடியாது. அதனால் நாம் கேட்க வேண்டியது, "நாங்க நடக்கிற பாதையில ரெண்டு பக்கமும் கட்டை கட்டுங்க" என்பதுதான்.

பெல்ட்டும் கயிறும் ஆயுசுக்கும் வராது. வெயில், சிமெண்ட், சுண்ணாம்பு, ஆசிட், வெல்டிங் பொறி எல்லாம் நூலைத் தின்னும். வேலைக்குப் போகும் முன் பட்டையை விரலால் நீவி, தையல் விட்டிருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, கொக்கியின் நாக்கு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு முறை ஆள் விழுந்து பிடித்த பெல்ட்டை மறுபடி பயன்படுத்தவே கூடாது. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் வெட்டிப் போட்டுவிட வேண்டும். வெட்டாமல் வைத்தால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஷீட் கூரையும் புளியமரமும்

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகல் அடைக்கிறேன் என்று சிமெண்ட் ஷீட் கூரையில் ஏறுவது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. ஷீட் பார்க்க உறுதியாக இருக்கும், பழைய ஷீட் காலடியில் அப்பளம் மாதிரி உடையும், முன்னறிவிப்பே இருக்காது. வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். கூடுமான வரை உள்பக்கம் ஏணி வைத்துக் கீழிருந்தே அடையுங்கள். மேலே போயே ஆக வேண்டும் என்றால், அடியில் உள்ள இரண்டு மூன்று சட்டங்களின் மேல் எடை விழுகிற மாதிரி நீளப் பலகை போட்டு, அந்தப் பலகையின் மேல்தான் இருக்க வேண்டும். போல்ட் வரிசை இருக்கிற இடத்தில் கால் வைத்தால் போதும் என்பதை நம்ப வேண்டாம்.

மரம் ஏறுவது தனிக் கலை. அதைப் பனையேறிக்கு நாம் சொல்லித் தர முடியாது. புளி உலுக்கக் கிளை கிளையாகத் தாவுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். நிற்கிற கிளையில் கட்டாமல், தலைக்கு மேலே நடுமரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். முனைக்கிளைக்குப் போகாமல் நீளத் துரட்டியைப் பயன்படுத்துங்கள்.

தொங்குகிறவரை விட்டு வைக்கக் கூடாது

பெல்ட் பிடித்துவிட்டது, ஆள் தொங்குகிறார், உயிர் பிழைத்தார் என்று மூச்சு விடக் கூடாது. அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. பெல்ட் கட்டுகிற வேலையிடத்தில், இறக்குவதற்கு ஒரு ஏணியும் யார் இறக்குவது என்ற பேச்சும் முன்கூட்டியே இருக்க வேண்டும். தொங்குகிறவர் நினைவோடு இருந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

தரையில் விழுந்தவர் என்றால் கையையும் காலையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். முதுகெலும்பில் முறிவு இருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் நிரந்தரமாக விளங்காமல் போகலாம். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் அசையாமல் இருக்கட்டும். சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது கூட வந்த மேஸ்திரி, "வீட்ல வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லுங்க, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்பார். பாவம் என்று நம் அக்காவும் தலையாட்டுவார். நாலு நாள் செலவு பார்த்துவிட்டு அவர் போனை எடுக்க மாட்டார். அதன் பிறகு நட்டஈடு கேட்டாலும், நல வாரியத்தில் மனு கொடுத்தாலும், முதல் கேள்வியே அந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வெளியூர் போகிறவர்கள் வேலையிடத்தின் விலாசம், மேஸ்திரி பெயர், போன் எண், கூலி வாங்கிய தேதி இவற்றை ஒரு நோட்டில் எழுதி, வீட்டிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்தே இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம், சித்தாளும் பதியலாம். பனைமரத் தொழிலாளர்களுக்குத் தனி வாரியம் உண்டு. பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நம் குழுக்களிலேயே நிறைய. இந்த மாதம் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பெல்ட், கவசம், தடுப்பு இவற்றுக்குச் செலவு செய்ய வேண்டியது வேலை தருகிறவர்தான். 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்க வேண்டிய பொறுப்பு தொழிலாளி தலைக்கு வந்துவிடவில்லை.

ஒரு குழுவில் நடந்த பேச்சு

நம் கூட்டமைப்பில் ஒரு குழு வங்கிக் கடனில் சென்ட்ரிங் தகடும் முட்டுக் கட்டையும் வாங்கி வாடகைக்கு விடுகிறது. போன கூட்டத்தில் அவர்களிடம், தகடோடு இரண்டு பெல்ட்டும் தூணில் சுற்றுகிற பட்டையும் வாங்கி வைத்தால் என்ன என்று கேட்டோம். பொருளாளர் உடனே, "வாடகைக்கு எடுக்கிறவங்க பெல்ட் வேண்டாம்னு சொன்னா நாம என்ன பண்றது? பக்கத்து ஊர்க்காரன்கிட்ட தகடு எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். நியாயமான பயம்தான். இன்னொருவர், "பெல்ட்டுக்குத் தனி வாடகை வேண்டாம், தகடு வாடகையிலேயே சேர்த்திடலாம். எடுத்தாலும் எடுக்காட்டியும் காசு ஒண்ணுதான்னா எடுத்துட்டுத்தான் போவாங்க" என்றார். பெல்ட் கொடுத்தும் விழுந்தால் பழி நம் மேல் வருமா என்ற கேள்வியும் வந்தது. கடைசியில் இரண்டு பெல்ட் வாங்குவது, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் இரண்டு உறுப்பினர் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, ஆள் விழுந்ததாகத் தெரிந்தால் வெட்டிப் போடுவது என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். வாடகையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் குழுவிலும் இதைப் பேசி, என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் பெல்ட் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதை எடுத்து வாருங்கள். லேபிளையும் தையலையும் சேர்ந்து பார்ப்போம். ஆறடிக் கயிறு நாங்கள் கொண்டு வருகிறோம்.